தடிப் பேனா

பதினைந்து வருடம் உழைத்ததற்கு, சென்னையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி சம்பளத்தை ஏற்றவில்லை. வெளிநாட்டு இங்க் பேனா ஒன்றைக் கொடுத்தது. வெல்வெட் பெட்டி, கறுப்பு உடம்பு, தங்க நிப்பு. விலையைத் தேடிப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

குறை சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. பேனா கட்டைவிரலை விடப் பருமன். மூடியை மூன்று சுற்று சுற்றினால்தான் திறக்கும். அதற்குள் நான் வீட்டுக்குப் போகும் திருத்தணி லோக்கல் ரயிலே கிளம்பிவிடும். சட்டைப்பையில் மாட்ட அழகாகக் கொக்கி வைத்திருக்கிறார்கள். புடவை கட்டுகிறவள் எங்கே மாட்டுவாள்? செய்தவர் வீட்டில் பெண்களே இல்லை போலிருக்கிறது. அழுத்தாமலே எழுதும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். அதற்கு இவ்வளவு விலையா என்று கைப்பையின் அடியில் போட்டுவிட்டேன்.

அந்த வருடம்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை.

அம்மா பள்ளிக்கூடம் போனவளில்லை. வயல் வேலைக்குப் போய்க்கொண்டு, நாற்பது வயதுவரை கைநாட்டுதான். பிறகு முதியோர் வகுப்பில் தன் பெயரை எழுதக் கற்றாள். அன்றிலிருந்து எங்கே கையெழுத்துக் கேட்டாலும் புடவையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்துதான் போடுவாள்.

ஒரு கிருத்திகை நாள், திருத்தணி மலைக்கு முருகனைப் பார்க்க வந்த கூட்டத்துக்குள் ஆட்டோவில் ஊர்ந்து, அவள் பென்ஷனை எடுக்க வங்கிக்குப் போனோம். நூலில் கட்டியிருந்த பேனா அவள் விரல்களில் நிற்கவில்லை. அழுத்தவும் முடியவில்லை. தாளில் வெறும் கீறல்தான் விழுந்தது.

கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். "பரவால்லம்மா, இனிமே ரேகை வச்சிக்கலாம். நானே மாத்திக் குடுத்துடறேன்" என்றார்.

அம்மா கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வேணாங்க. திரும்பவும் கைநாட்டுன்னா, எனக்கு இந்தப் பணமே வேணாம்" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

எனக்குச் சட்டென்று கைப்பை ஞாபகம் வந்தது. அந்தத் தடிப் பேனாவைத் திறந்து அவள் கையில் வைத்தேன். மடங்காத விரல்களுக்குள் அந்தப் பருமன் கச்சிதமாக நின்றது. அதன் கனமே நிப்பைத் தாளில் இறக்கியது. முதல் எழுத்து கோணலாக வந்தது.

"வருதுடி" என்றாள்.

கையெழுத்து முன்புபோல் இல்லாததால், கவுன்டர்காரர் மாதிரிக் கையெழுத்துக்கான புது அட்டையை எடுத்து வைத்தார். அதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தை முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. வரிசையில் பின்னால் ஒருவர் இருமினார்.

பேனாவின் விலை அநியாயம்தான். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அதை அவ்வளவு தடியாகச் செய்த, முகம் தெரியாத அந்த மனிதருக்கு அங்கேயே நின்று மனசுக்குள் கும்பிடு போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னிக்கு ஒண்ணு போதும்மா. மீதிய அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார் கவுன்டர்காரர்.

அம்மா நிமிரவில்லை. "இன்னும் ரெண்டு எடம் இருக்குதுங்களே" என்று அடுத்த கட்டத்தில் நிப்பை வைத்தாள்.