பரிவட்டத்துக்குப் பொருந்தாத தலைகள்

எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சி ஆதரவோடு நிற்க இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் சிதம்பரத்தில் படித்த வக்கீல். இன்னொருவர், எங்கள் போர்வெல் உப்பேறிப் போனதிலிருந்து நல்ல தண்ணீர் கேட்டுக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்த ஒரு அக்கா. யார் வந்தாலும் தண்ணீர் வந்துவிடும் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். தன் அப்பா காலத்திலிருந்து ஒரே கட்சிக்குக் குத்தும் என் தாய்மாமாவுக்கோ வேறு சந்தேகம்.

"அந்த வக்கீல் சாமி கும்புட மாட்டானாம். திருவிழால பரிவட்டம் கட்டப் போனா தலைய காட்டுவானா?"

"அந்தக்கா கும்புடுறாங்களே மாமா?"

"பொம்பள தலையில பரிவட்டமா? படிப்பு ஜாஸ்தியாயி மூள கெட்டுப்போச்சு மாப்ள உனக்கு!"

டீக்கடையே சிரித்தது. தலைவருக்குத் தலை எதற்கு? துணி சுற்ற. ஊர்ப் பெரியவர்களின் அரசியல் ஞானம் அத்தோடு முடிந்தது.

அக்காதான் நின்றார், தோற்றார். குழாயை எட்டிக்கூடப் பார்க்காத பழைய தலைவரே ஜெயித்தார். மாசி மகத்தன்று அவருக்குப் பரிவட்டம் கட்டியபோது மாமா முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மொபெட்டில் இரண்டு குடங்களோடு பக்கத்து ஊருக்குக் கிளம்பினார்.

"எங்க மாமா?"

"தண்ணிக்குத்தான். அவுங்க வந்திருந்தா மட்டும் கொட்டியிருக்குமா?"

அதில் ஒன்று எங்கள் வீட்டுக் குடம். குடங்களைக் கட்டியிருந்த கயிற்றை இறுக்கிக் கொடுத்தேன்.