ஆம்ப் இல்லாத ஹெட்போன் பெட்டி

எனக்குச் சுருதி நிற்காது என்று மாஷ் ஊரெல்லாம் சொன்னது பொய். பொய் என்று அவருக்கே தெரிந்த பிறகும் திருத்தவில்லை. தெரியாமல் சொன்னதை மன்னித்துவிடுவேன். தெரிந்துகொண்டு வாயை மூடியதை மன்னிக்க மாட்டேன்.

மாஷ் என்று சொல்வது மேடைக் கச்சேரி செய்யும் எங்கள் கானமேளா குழுவை நடத்தியவரை. மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார், ஆனால் அவர் வாத்தியார் கிடையாது. கீபோர்டு வாசிப்பார், அதனால் எல்லோருக்கும் மாஷ். தொண்ணூறுகளில் கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள கோயில் திருவிழாக்களில் பாடினோம். பாதிப் பாட்டு மலையாளம், பாதி தமிழ். பெண் குரல் நான் ஒருத்திதான். பகலில் காரக்கோணத்தில் தையல் மிஷின் மிதித்தேன். சனி, ஞாயிறு ஒத்திகை.

ஒரு கோயில் கமிட்டி எங்களிடம் பக்திப் பாட்டு கேசட் கேட்டது. ஸ்டுடியோவுக்குப் போக எங்களுக்கு வக்கில்லை. மாஷ் வீட்டிலேயே பதிவு என்று முடிவானது. அதற்கான ரெக்கார்டரை அவர் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார். கீபோர்டையும் கிட்டாரையும் ஸ்பீக்கரில் விட்டால் அந்தச் சத்தம் என் மைக்கில் ஏறிவிடும். அதனால் ஸ்பீக்கர் கூடாது. கீபோர்டு, கிட்டார், தபலா, பாட்டு என்று நாலு பேரும் ஹெட்போன் வழியாகத்தான் கேட்டாக வேண்டும். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சரில் ஹெட்போன் மாட்ட ஒரே துளை. எங்களிடம் இருந்ததும் கனத்த பழைய ஹெட்போன் ஒன்றுதான். அதை ஒருவர் மாற்றி ஒருவர் தலையில் மாட்டிக் கேட்பது எங்கள் பழக்கம்.

ஒரு சத்தத்தை வாங்கி, கூட்டி, நாலு பேருக்குக் கொடுக்கிற ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர் வேண்டும். மாஷும் நானும் தபலாக்காரரும் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வெளிநாட்டுப் பெட்டி கண்ணாடிக்குள் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, எடுத்துக் காட்டச் சொல்லக்கூடத் துணியாமல் திரும்பினோம். பாறசாலையில் ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். கடை விலையில் கால்வாசிக்கும் குறைவாகத் தானே செய்து தருவதாகச் சொன்னார்.

"நாலு பேருக்கும் தனித்தனி ஆம்பு, தனித்தனி திருகு. ஒருத்தருக்குக் கூட்டலாம், ஒருத்தருக்குக் குறைக்கலாம். பத்து நாள் தாருங்க மாஷே."

வெளியே வந்ததும் மாஷ் சிரித்தார். "ரேடியோவுக்கு வயர் ஒட்டுதவன் ஸ்டுடியோ சாமான் செய்வானாக்கும்!"

"செய்யட்டும் மாஷே. சரியில்லேன்னா திருப்பிக் குடுப்போம்," என்றேன்.

"நீ பாட்டைப் படி மக்கா. சாமானை நாங்க பாத்துக்கிடுதோம்."

அந்த மாதம் மாஷின் மச்சினன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தார். ஊரில் இருக்கும்போது எங்களுக்குக் கிட்டார் வாசிப்பவர் அவர்தான். பளபளவென்று ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தார். நாலு துளை, ஒரு திருகு, மேலே ஆங்கில எழுத்து. கூடவே வாக்மேனுக்கு மாட்டும் சின்ன ஹெட்போன் மூன்று. அன்றைக்கு அந்தப் பெட்டியை நாங்கள் எப்படிச் சோதித்தோம் தெரியுமா? ஒரு சின்ன ஹெட்போனை எடுத்து முதல் துளையில் குத்தி எல்லோரும் கேட்டோம். பிறகு அதையே பிடுங்கி இரண்டாம் துளை, மூன்றாம் துளை, நாலாம் துளை. சத்தம் கணீரென்று வந்தது. நாலையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு ஹெட்போனோடு காலம் தள்ளிய புத்தி அது. "உக்ரன் சாதனமாக்கும்!" என்று மெச்சினார் தபலாக்காரர். நானும் தலையாட்டினேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

சின்ன ஹெட்போன் மூன்றையும் ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய பெரியது எனக்கு. "பெரிசு பாட்டுக்காரிக்கு" என்று ஏதோ மரியாதை செய்வதுபோலத் தந்தார்கள்.

ஒத்திகை மாஷ் வீட்டு ஹாலில் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "என்ன மாஷே, தபலாக்காரன் மட்டும் வாசிக்குதான். பாக்கி உள்ளவிய சும்மா இருந்து தலையாட்டுதிய?" எல்லோரும் சிரித்தோம். ஹாலில் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. தபலா நேரிலேயே கேட்டது. மாஷ் வாசித்துக்கொண்டே வாய்விட்டு முனகுவார், அதைப் பிடித்துக்கொண்டு பாடினேன்.

பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தபலாச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க என்னை அடுக்களையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாலு ஹெட்போனும் மறுபடி ஒன்றாகப் பெட்டியில் ஏறின, ஆனால் தபலாவும் மாஷின் முனகலும் இப்போது கதவுக்கு அப்பால். என் காதில் கீபோர்டு நாலு வீடு தள்ளி வாசிப்பதுபோல வந்தது.

"கேக்கல்ல மாஷே, கூட்டுங்க!" என்று கத்தினேன்.

அவர் திருகினார். உடனே தபலாக்காரர் அலறினார். "அய்யோ, எனக்க செவி பொட்டுது! குறைங்க!"

குறைத்தார்கள். நான் கத்தினேன், கூட்டினார்கள். அவர் அலறினார், குறைத்தார்கள். கடைசியில் குறைத்தபடியே விட்டுவிட்டு, "கவனிச்சுக் கேட்டா கேக்கும், படி" என்றார் மாஷ்.

காதை அடைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள். உங்கள் குரல் உங்கள் மண்டைக்குள் மட்டும் முழங்கும். பிடித்து நிற்க வெளியே ஒன்றும் இருக்காது. நானும் அப்படித்தான் பாடினேன். இரண்டாம் சரணத்தில் இறங்கிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை.

"ஸ்ருதி போயல்லோ!" ஹாலிலிருந்து மாஷின் குரல். மறுபடி பாடினேன், மறுபடி போனது. ரயில் சத்தத்துக்காக ஒருமுறை நிறுத்தினோம். நாலாவது தடவையும் போனபின் கதவைத் திறந்து வெளியே வந்தேன். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வராந்தாவில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மாஷ் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவளுக்குச் செவியில கோளாறு உண்டு. சுருதி நிக்காது."

மச்சினன் சேர்த்துக்கொண்டார். "தமிழ் படிச்சவளுக்கு மலையாளப் பாட்டு வழங்காது."

பாறசாலைச் சந்தையில் மீனுக்கு மலையாளத்தில் பேரம் பேசி, கெட்ட மீன் தந்தால் தமிழில் திட்டுகிற ஊர்க்காரி நான். எனக்கா மலையாளம் வராது? ஆனால் அன்றைக்கு என் மீதே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ரேடியோவோடு சேர்ந்து பாடிப் பாடிப் பார்த்தேன். எங்கும் இறங்கவில்லை.

இரண்டு வாரத்தில் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துப் பதிவை முடித்தார்கள். நன்றாகப் பாடியிருந்தாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும், "பாத்தியளா, கோளாறு மற்றவளுக்குத்தான்" என்றார்கள். அதன்பிறகு எந்தக் கமிட்டியும் என்னைக் கூப்பிடவில்லை.

கேசட் வெளிவந்த பிறகு ஒருநாள், தையல் கடையின் இஸ்திரிப்பெட்டியை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு அந்த மெக்கானிக்கிடம் போனபோது, மேசையில் கறுப்புப் பெட்டி வயிறு திறந்து கிடந்தது.

"இது மாஷுக்க பெட்டியாக்குமே?"

"ஆமா அக்கா. உள்ள பாருங்க. நாலு துளையையும் வயர் போட்டுச் சேத்து வச்சிருக்கான். ஆம்பு ஒண்ணும் இல்ல."

"பின்ன சத்தம் வந்துதே?"

"அது மிக்சருக்க சத்தம். சின்ன ஹெட்போனுக்கு அதுவே கூடுதல். உங்களுக்குத் தந்த பெரிசுக்கு அது காணாது. இருக்கது ஒரே திருகு. உங்களுக்குக் கூட்டினா அவியளுக்குச் செவி பொட்டும்."

"மாஷுக்குத் தெரியுமா?"

"அவருக்க முன்னாலதானே திறந்தேன்? அன்னைக்கே நாலு திருகு வச்சு ஒண்ணு செய்யச் சொன்னாரு. கொண்டும் போயாச்சு. அந்த நெய்யாற்றின்கரைப் பிள்ளை அதுலயாக்கும் படிச்சது."

இஸ்திரிப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு மாஷ் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்றே கேட்டேன். "பெட்டியில ஆம்பு இல்லேன்னு தெரிஞ்சப்போ என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

அவர் மறுக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "விடு மக்கா. மச்சினன் ஆசையா கொண்டுவந்த சாமான். நாலு பேரு முன்னால அவனை நாணங்கெடுத்தச் சொல்லுதியா?"

"அப்போ என்னை நாணங்கெடுத்தலாமா?"

"கேசட்டு இறங்கியாச்சு. இனி பேசி என்ன?"

கதவு சாத்தப்பட்டது. ஒரு மச்சினனின் மானத்துக்காக என் செவியை ஊருக்கு முன் செவிடாக்கிவிட்டார். நான் வேறு குழு தேடிப் போனேன், நாலு இடத்தில் கேட்டேன். "சுருதிப் பிரச்சனை உள்ள பெண்தானே?" என்ற கேள்வி எனக்கு முன்னால் போய் நின்றது. பாடுவது அடுப்படியோடு நின்றுபோனது. சில மாதங்களுக்கு முன் காரோடு ஊரில் ஒரு கல்யாண வீட்டில், பாடத் தெரிந்த ஒருத்தி என்னிடம் வந்து, "உங்களுக்குச் செவியில என்னமோ உண்டுன்னு சொல்லுவாவளே, உள்ளதா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் கழித்தும்!

மாஷ் இருக்கிறார். கண்ணாடி போட்டுப் பத்திரிகை வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன், ஆகவே இதை வாசிப்பார். மாஷே, என் வீட்டுக்கு வந்து சமாதானம் பேச வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். நான் அச்சில் கேட்கிறேன், அச்சில் பதில் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் கமிட்டிக்காரர்களைக் கூட்டி, மைக் வைத்து, இந்த இரண்டுக்கும் ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்: அந்தப் பெட்டியில் ஆம்ப் இருந்ததா, இல்லையா? இல்லை என்று தெரிந்த அன்றைக்கு, என் சுருதியில் குறை இல்லை என்று ஏன் சொல்லவில்லை?