சித்தியின் இடது பக்கம்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்த இயக்குநர் கூடவே உட்கார்ந்து பேசுவார். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் வசனம் அடங்கி அவர் குரல் மேலே வரும். அதற்குக் கமெண்டரி என்று பெயர். டிவிடி வாங்கும் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது. மீதிப் பத்துப் பேருக்காக என் சித்தி உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். அறையை நடுவில் மறித்து ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, ஒரு மைக், ஒரு சின்ன டிவி. இந்தப் பக்கம் சித்தியும் அவள் கணினியும். வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைக் கிழித்து ஒட்டியிருக்கிறாள். உள்ளே போனால் தலையணைக்குள் புகுந்தது போல இருக்கும். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "நாள் முழுக்க ஆம்பளைங்க பெருமையைக் காதுல வாங்கறேன், வேலை முடிஞ்சும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வாள்.

வருகிற இயக்குநர்களில் பாதிப் பேர் கதவைத் திறக்கும் ரகம். திரையில் கதாநாயகன் கதவைத் திறப்பான். "இப்ப கதவைத் திறக்கறாரு" என்பார்கள். நமக்கென்ன கண் அவிந்தா போயிற்று? அடுத்தது நன்றி ரகம். விளக்குப் பிடித்தவர் முதல் விளக்குப் பிடித்தவரின் மைத்துனர் வரை இரண்டரை மணி நேரம் நன்றி சொல்வார்கள். ஒருவர் தன் படத்தைப் பார்த்துத் தானே தூங்கிப்போனார். சித்தி அந்தக் குறட்டையில் பதினோரு விநாடியை அப்படியே விட்டாள். குறட்டை முடிந்து விழித்தவர், "இது நான் எடுத்ததா?" என்று கேட்டதையும் விட்டாள். அந்த டிவிடிக்கு மட்டும் பதினேழு கடிதம் வந்தது.

சித்தியின் கட்சி இதுதான்: எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல ஒருவர் வாயைத் திறக்கவே வேண்டாம், அதைப் படமே சொல்லிவிடும். எது கெட்டுப்போனது, கெட்டதும் என்ன செய்தார்கள், அதைச் சொன்னால்தான் கேட்கலாம். ஆனால் நேராகக் கேட்டால் யார் சொல்வார்கள்? அதனால் அவள் கேட்பது வேறு. "இந்த சீன் எடுத்த அன்னைக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க சார்?" கலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த மனிதர் திடுக்கிட்டுச் சாப்பாட்டை நினைப்பார். சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு அன்றைய நாள் முழுவதும் வந்துவிடும். ஒருவருக்கு அப்படித்தான், அன்று சாப்பாட்டு வண்டியே வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. கூட்டக் காட்சியில் இருநூறு பேர் முகத்தில் கொதித்த கோபம் நடிப்பே இல்லை, பசி. அந்தக் காட்சிக்குத்தான் அவருக்குப் பரிசு கொடுத்திருந்தார்கள்.

வெட்டி ஒட்டி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பரீட்சை நடக்கும். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்பாள். எந்த இடத்தில் அவள் கை நிற்கிறதோ அது நல்ல இடம். கை நிற்காமல் மூன்று சட்டை மடிந்துவிட்டால் சித்தி அந்தப் பகுதியை எடுத்துவிடுவாள். அப்பாவின் வேலை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் இருப்பது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எல்லாரும் பெரியவர் என்று சொல்லும் ஓர் இயக்குநரின் படம் வந்து சேரும்வரை.

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அதில் கதாநாயகன் வலது கையில் கட்டோடு வாசற்படி ஏறுவான், உள்ளே வரும்போது கட்டு இடது கையில் இருக்கும். படத்தை மறந்தவர்கள்கூட இதை மறக்கவில்லை. கட்டு எந்தக் கையில், சட்டை என்ன நிறம், தம்ளரில் எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் குறித்துவைக்க அந்தப் படத்தில் ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்திரண்டு. எப்போதும் நோட்டும் கையுமாகத் திரிந்ததால் எல்லாரும் அவளை 'நோட்டு' என்றே கூப்பிட்டார்கள். படம் வந்து ஊரெல்லாம் சிரித்த பிறகு நோட்டை எந்தப் படத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. அவள் பல் டாக்டரிடம் வரிசைப்படி பெயர் கூப்பிட்டாள், ரயில் நிலையத்தில் தாமதம் அறிவித்தாள், கடைசியில் எங்கள் மாடியில் மெத்தை ஒட்டினாள். அந்தப் படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது.

பெரியவர் வந்தார். நரைத்த தாடி, சுருக்குக் கயிறு வைத்த துணிப்பை, பைக்குள் ஆறு பக்கம் எழுதிய காகிதம். சித்தியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இருபது வருடம், ஒரு மூக்குக்கண்ணாடி, கூடவே இருபது கிலோ. சித்தியும் சொல்லவில்லை. காகிதத்தைப் படித்தே முக்கால் படத்தை ஓட்டினார். சாப்பாட்டைக் கேட்டுப் பார்த்தாள். தான் அப்போதெல்லாம் பழம் மட்டும்தான் சாப்பிடுவது என்றார்.

நான் இதையெல்லாம் பிறகு ஹெட்போனில் கேட்டேன். பள்ளி மைக்கில் தலைமையாசிரியை குரலில் அரைநாள் விடுமுறை அறிவித்த வகையில் எனக்கு ஒரு வாரம் முழுநாள் விடுமுறை கிடைத்திருந்தது. சித்தி ஒயர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கட்டுக் காட்சி வந்ததும் பெரியவர் காகிதத்தைக் கீழே வைப்பது கேட்டது. முதல் தடவையாக அவர் குரலில் உயிர் வந்தது.

"இங்க பாருங்க, வெளியில வலது கை, உள்ள இடது கை. சிரிச்சீங்க இல்ல? இதைக் குறிக்கிறதுக்குன்னே ஒரு பொண்ணை வெச்சிருந்தோம். நோட்டுன்னு பேரு. அன்னைக்கு எங்கயோ மூலையில நல்லாத் தூங்கியிருக்கு. நான் செதுக்கிச் செதுக்கி எடுத்தேன், அது ஓட்டையைப் போட்டுட்டுப் போயிடுச்சு."

அதற்குப் பிறகு சித்தியின் குரல். "நல்லாருக்கு சார். மேல சொல்லுங்க."

அந்த நாலு வார்த்தையை நான் ஆறு தடவை ஓட்டிக் கேட்டேன். குரல் நடுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. நடுங்கவே இல்லை. இது டிவிடியில் ஏறினால் ஊர் உலகம் பூராவும், காலம் பூராவும், ஒரு பொத்தானை அமுக்கியவன் எவனுக்கும் என் சித்தி தூங்குமூஞ்சி. அவளோ அதை வெட்டாமல் பத்திரமாக வைத்திருந்தாள்.

நான் வெட்டினேன். ஒரு நிமிடம் பத்து விநாடி. மூலப்பதிவையும் நகலையும் அழித்தேன். ஓட்டை தெரியக்கூடாதே, அதனால் பெரியவர் வேறெங்கோ பேசிய ஒரு துண்டை எடுத்து அங்கே ஒட்டினேன். தொழில் சுத்தமாகத்தான் இருந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அம்மா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் கதாநாயகன் கட்டோடு படியேறினான். பெரியவர் கம்பீரமாக ஆரம்பித்தார்: "இந்த மழைக்காக மூணு நாள் காத்திருந்தோம்."

அம்மாவின் கை நின்றது. "எங்கடி மழை? வெயில்ல எனக்கே கண்ணு கூசுது."

சித்தி படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அப்பா தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தானாக எழுந்து துணி மடிக்கப் போனார்.

மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கணினியில் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"உனக்காகத்தான் சித்தி செஞ்சேன்."

"தெரியும். அதான் இன்னும் அடி விழலை." ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "அந்த மனுஷன் பேசினதுல கேக்கற மாதிரி இருந்தது அது ஒண்ணுதான்டி. அதைப் போய் அழிச்சிருக்க."

"உன்னைத் திட்டியிருக்காரு."

"திட்டட்டும். நான் தூங்கலை, அது பொய். ஆனா தப்பு என்னுது. எந்திரிச்சு எதிர்ல நில்லு. வலது கையைத் தூக்கு."

தூக்கினேன்.

"எனக்கு அது எந்தப் பக்கம்?"

"இடது."

"அப்படித்தான் எழுதினேன். படம் பூரா என் பக்கத்து இடதுதான். எழுதறதும் நானு, படிக்கிறதும் நானு, அதனால ஒரு நாளும் தப்பலை. வீட்டுக்குள்ள எடுத்த அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். நோட்டை மட்டும் கொடுத்தனுப்பினேன். யார் கையில போச்சோ, அவங்க கதாநாயகனோட இடது கைன்னு நினைச்சுக் கட்டிட்டாங்க. படம் வந்தப்புறம் நோட்டைப் பார்த்தேன். என் கையெழுத்துல 'இடது'ன்னு இருக்கு. யார்கிட்ட போய் என்ன சொல்ல?"

கதாநாயகனாவது கவனித்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அந்த மனிதர் அப்போது ஒரே நேரத்தில் நாலு படத்தில் நடித்துக்கொண்டிருந்தாராம். எந்தக் கையில் கட்டு என்பதைவிட எந்தப் படத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்குச் சந்தேகமாம்.

பெரியவரை மறுபடி கூப்பிட வேண்டும். ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒரே விஷயத்தை இரண்டாவது தடவை சொன்னால் வாய்க்குப் பழகி உயிர் போய்விடும் என்பது சித்திக்குத் தெரியும். அவள் யோசித்தபடியே போனை எடுத்து, வீட்டில் ஓர் எலி ஒயரைக் கடித்துவிட்டது, ஒரு பத்து நிமிடம் மட்டும் திரும்பப் பேச வேண்டும் என்று சொன்னாள். எலி பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் வந்தார். இந்தத் தடவை சித்தி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவில்லை. கணினி முன்னால் அம்மாவை உட்காரவைத்து, இந்தப் பொத்தானைத் தவிர எதையும் தொடாதே என்றாள். என்னைக் கண் பார்வையில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று இரண்டு கையையும் தலைமேல் வைக்கச் சொல்லி மூலையில் நிறுத்தினாள். பிறகு உள்ளே போய்ப் பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காட்சி வந்தது. "ஒரு பொண்ணை வெச்சிருந்தோம். நோட்டுன்னு பேரு..." என்று அவர் ஆரம்பித்தார். அதே வார்த்தைகள். ஆறிப்போன காப்பி.

"சார், அந்தப் பொண்ணு நான்தான்."

பெரியவர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பிய கிறீச் சத்தம் பதிவில் இருக்கிறது.

"நோட்டா?"

"நோட்டுதான்."

"அது ஒல்லியா இருக்குமேம்மா."

"நீங்களும்தான் சார் தலை நிறைய முடியோட இருந்தீங்க."

சித்தி தான் எழுதிய இடதைச் சொன்னாள், காய்ச்சலைச் சொன்னாள், நோட்டைக் கொடுத்தனுப்பியதைச் சொன்னாள். பெரியவர் படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். திரையில், வீட்டுக்குள் வந்த கதாநாயகனின் இடது கை பெரிதாக வந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கட்டின் முடிச்சு, இரண்டு காது நீட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்த அம்மா திரையைப் பார்த்தாள், அவர் மடியிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பையின் கயிற்றிலும் அதே முடிச்சு, அதே சாய்வு.

அம்மா காட்ட வேண்டியிருக்கவில்லை. அவரும் பார்த்துவிட்டார்.

"எனக்கு இந்த ஒரு முடிச்சுதான் போட வரும்," என்றார் மெதுவாக. "துணியைப் பல்லால கிழிச்சேன், இப்பத்தான் ஞாபகம் வருது. ஆளே இல்லை, நானே கட்டினேன். அப்ப நோட்டைப் படிச்சதும் நான். இருபது வருஷமா உன்னைத் திட்டினவனும் நான்."

"எழுதினது நான் சார்."

"படிச்சவன் எதிர்ல நின்னு பார்த்திருக்கணும்."

"எழுதினவ யாரோட இடதுன்னு எழுதியிருக்கணும்."

"இயக்குநர் நானா நீயா? தப்பை எங்கிட்ட குடும்மா."

"முடியாது சார். இவ்வளவு நாள் வெச்சிருந்திருக்கேன்."

எட்டு நிமிடம் இப்படியே போனது. இருவரில் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பின்னால் படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீடு எரிந்தது, கதாநாயகி ரயிலேறிப் போனாள், வில்லன் செத்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் பெரியவர் மன்னிப்புக் கேட்டார். சித்தி மூக்கைச் சிந்தினாள். அதுவும் பதிவில் இருக்கிறது. கேட்பவர்கள் வீடு எரிந்ததற்கு என்று நினைத்துக்கொள்ளலாம். நான் தலைமேலிருந்து ஒரு கையை மட்டும் இறக்கிக் கண்ணைத் துடைத்தேன். மெத்தைப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

சித்தி அதில் ஒரு விநாடியைக்கூட வெட்டவில்லை. டிவிடி கம்பெனிக்காரர் கேட்டுவிட்டுப் போன் செய்தார். படத்தைப் பற்றியே பேசாத அந்த எட்டு நிமிடத்தைத்தான் எடுக்கச் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அந்தச் சண்டை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். அட்டையின் பின்பக்கத்தில் பேசுவோர் என்று போட்டு இரண்டு பெயர் அச்சானது. இரண்டாவது சித்தியின் பெயர். எழுத்து பொடியாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே அதை நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் பெரியவரின் பழைய உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். முதல் படம் எடுக்கப்போகிறாராம், குறித்துவைக்க ஆள் தேவையாம். எனக்கு வயசாகிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி சித்தி அவரை அனுப்பிவைத்தாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் தெருமுனை திரும்புமுன் போனை எடுத்துச் சித்தியின் குரலில் சம்மதம் மட்டும் சொன்னேன்.

விஷயம் தெரிந்ததும் இந்தத் தடவை அடி விழுந்தது, பலமாகவே. அடித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போய்க் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்தாள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்: இடது என்றால் நடிப்பவரின் இடது.