ஜாடியில் விட்ட வெள்ளை

வாட்டர் கலரைக் கண்டுபிடித்தவர் யாரோ, நிச்சயமாகப் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவராக இருக்க மாட்டார். விருத்தாசலத்தில் பத்து வருஷத்துக்கு மேல் பொம்மைகளைக் கிளேஸில் முக்கி எடுத்தவள் நான். கிளேஸ் என்றால் பால் மாதிரி ஒரு பூச்சு. சூளையில் வெந்த பிறகுதான் கண்ணாடியாகப் பளபளக்கும். அது படாமல் மிளகளவு இடம் விட்டுப்போனாலும் பொம்மை ரிஜெக்ட். மேஸ்திரி அதைத் தூக்கிப் பிடித்து, "இங்க உட்டுட்டியே, கண்ணு எங்க இருந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அதனால் எதைப் பார்த்தாலும் விட்டுப்போன இடத்தைத்தான் என் கண் முதலில் தேடும்.

பீங்கான் மாவுத்தூசி நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போனபோது, வேறு வேலை பார்க்கச் சொன்னார் டாக்டர். எனக்குத் தெரிந்த வேறு வேலை படம் போடுவது மட்டும்தான். டிராயிங்கில் லோயர் பரீட்சை பாஸ். ஹையரில் பெயிண்டிங் மட்டும் ஒரு முறை போய்விட்டது. எங்கள் தெருவில் ஒரு டிராயிங் டீச்சர் இருந்தாள், என்னைவிடச் சின்னவள். கல்யாணம் நிச்சயமாகி பெண்ணாடத்துக்குப் போக இருந்தாள். "ஹையர் மட்டும் முடிச்சிடுங்கக்கா. என் எடத்துல உங்களையே போடுறேன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கவும் ஒப்புக்கொண்டாள்.

சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. தாளை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டுமாம். ஈரத்தின்மேல் நீலத்தைத் தொட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஓடும், ஓட விட வேண்டுமாம். பாதி காய்ந்ததும் தொட்டால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் விரிந்து பாழாகுமாம். அப்புறம் எப்போதுதான் தொடுவது? "மினுமினுப்பு போறப்போ" என்பாள். எந்த மினுமினுப்பு? நான் குனிந்து பார்ப்பதற்குள் காய்ந்து தொலைந்திருக்கும். கம்பெனியில் கருப்பாகத் தீட்டினால் சூளை அதை நீலமாக்கிக் கொடுக்கும். இங்கே அடர்த்தியாகத் தீட்டியது காய்ந்து வெளிறிப்போகிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும்விட வெள்ளைதான் என்னைப் படுத்தியது. என் பெட்டியிலிருந்த வெள்ளை ட்யூப்பை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வெள்ளையத் தீட்டக் கூடாதுக்கா. தாள அப்படியே உட்டுடணும். அதான் வெளிச்சம்."

"உட்டா ரிஜெக்ட்டும்மா!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வெள்ளையை விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கை கழுவப் போனவள் திரும்பி வந்து, மெல்லிய சாம்பல் நிறத்தை இழுத்து மூடிவிடுவேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? "திரும்ப அடைச்சிட்டீங்களாக்கா!" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். என் கணவர் அதே கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவர். வீட்டில் காயவைத்த தாள்களைப் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ஓரத்துல உட்டுட்ட பாரு" என்பார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பரீட்சை கடலூரில். மேஜைமேல் வைத்திருந்த பொருளைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊறுகாய் ஜாடி! மேலே பழுப்பு, கீழே வெள்ளை. கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ஜன்னல் வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. பழுப்பைத் தீட்டினேன், நிழலைத் தீட்டினேன், பட்டையை விட்டேன்.

சுற்றி வந்த சூப்பர்வைசர் என் பக்கத்தில் நின்றார். "ஏம்மா, இங்க உட்டுப்போச்சே. டைம் இருக்குது, முடிச்சிடுங்க."

பிரஷ்ஷை நனைத்துவிட்டேன். மேஸ்திரி, வீட்டுக்காரர், இப்போது இவர், எல்லாரும் ஒரே பேச்சு. விடச் சொன்னவள் ஒருத்திதான், அவளும் கல்யாண ஜவுளி எடுக்கப் போயிருந்தாள். பிரஷ் பட்டைக்கு நேராகப் போய்விட்டது. எப்படித்தான் கையை இழுத்துக்கொண்டேனோ, தாளைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பயம் பிடித்துக்கொண்டது. இந்த முறையும் போனால் அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள், எனக்கு மறுபடி மாவுத்தூசிதான். வீட்டுக்கு வந்ததும் அதே ஜாடியை, அதே பட்டையை விட்டு, ஞாபகத்திலிருந்து தீட்டிக் கணவரிடம் நீட்டினேன்.

"இப்படித்தாங்க வரைஞ்சிட்டு வந்தேன். உட்டுட்டேனா, பாத்துச் சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் தாளை வாங்கி, மெதுவாகச் சாய்த்தார். சூளையிலிருந்து வந்த சரக்கைக் கண் கூசாமல் பார்க்க அப்படித்தான் சாய்ப்பார்.

"நல்லா வெந்திருக்குது" என்றார். பிறகு, "ஜன்னலு எடது பக்கமா இருந்துச்சா?"

ஜன்னலை நான் வரையவே இல்லை. அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டேன்.

பாஸாகி, ஜூனில் அந்த ஸ்கூலிலேயே டிராயிங் டீச்சராகச் சேர்ந்தேன். இருமலும் குறைந்தது. ஆனால் பிள்ளைகள் தாளில் வெள்ளையை விடும்போதெல்லாம் அதை அடைக்க என் கை போகும். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போவேன்.