காந்தாரி போராது

எங்கள் வீட்டில் கை என்னுடையது, காது அவருடையது. இப்படிப் பிரித்துக்கொண்டுதான் நானும் என் வீட்டுக்காரரும் கிட்டாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து வந்தோம். பழைய ரேடியோப் பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரியுமே, அந்த வால்வுகளை வைத்துச் செய்வது. போனுக்குள்ளேயே எல்லா ஆம்பின் சத்தமும் கிடைக்கிற காலத்தில் இது எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நான் பதில் சொல்லி மெனக்கெடுவதில்லை. கேட்டவர்களில் ஒருவர்கூட உட்கார்ந்து ஒரு பாட்டு முழுசாகக் கேட்டதில்லை.

ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பாறசாலையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள் நான். டிவி தட்டையானதும் வேலையும் தட்டையாகிவிட்டது. போர்டைக் கழற்று, புதுப் போர்டை மாட்டு. அதற்கு நான் எதற்கு, ஒரு திருப்புளி போதுமே. அவர் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். திருவிழா சீசனில் அம்பலத்து உற்சவம், பள்ளித் திருநாள் என்று போய்க்கொண்டே இருப்பார்; எங்கள் பக்கத்தில் பள்ளி என்றால் சர்ச். மற்ற மாதங்களில் எங்கள் துண்டு நிலத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டுவார். அவருடைய பழைய ஆம்ப் ஒருநாள் புகைந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர முடிந்தது. அன்றைக்கே கடை வேலையை மனதுக்குள் விட்டுவிட்டேன்.

டிரான்ஸ்பார்மர் சுற்றித் தருபவர் நெய்யாற்றின்கரையில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். இவ்வளவு மெல்லிய கம்பியில் எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போகிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பெட்டி செய்கிற ஆசாரி பெருங்கடவிளையில் கதவு, ஜன்னல் செய்கிறவர். ஆஞ்சிலிப் பலகையில் கதவைப் போலவே கனமாகச் செய்து வைப்பார். தூக்க முடியவில்லை என்று வாங்குகிறவர்கள் முனகுவார்கள். கள்ளனுக்கும் அதே கஷ்டம்தானே என்பேன்.

கடைசி வேலைதான் முக்கியமானது. எல்லாம் பூட்டி முடித்து, வால்வு சூடானதும், அவர் ஆம்புக்கு முதுகைக் காட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார். பொத்தான் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரிந்தால் காதுக்குப் பதில் கண் தீர்ப்புச் சொல்லிவிடும் என்பார். வாசித்துவிட்டுச் சொல்கிற தீர்ப்பு முழுக்க அடுக்களைப் பாஷை. "புளி கூடிப்போச்சு" என்றால் நடுச் சத்தம் மூக்கால் பேசுகிறது. "தேங்கா போராது" என்றால் அடியில் கொழுப்பு இல்லை. "காந்தாரி போராது" என்றால் உச்சச் சத்தத்தில் எரிப்பு குறைவு, அந்தக் குட்டி மிளகாயைப் போல நுனியில் கடிக்க வேண்டியது கடிக்கவில்லை. நான் ஆம்பை அணைத்து, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட்டு, அவர் சொன்னதைக் கப்பாசிட்டராகவும் ரெசிஸ்டராகவும் மாற்றுவேன். மறுபடி வாசிப்பார். தலையாட்டுகிறவரை இப்படியே போகும். ரொம்ப காலம் வரை அப்படித் தேறிய ஆம்ப் யாரிடமும் திட்டு வாங்கினதில்லை.

ஒரே ஒரு தடங்கல் உண்டு. பொழுது சாயும்போது ரப்பர் மரங்களில் சீவீடு, அதாவது சில்வண்டு, கத்தத் தொடங்கிவிடும். ஒன்று தொடங்கினால் தோட்டமே கிறீச்சிடும். அந்தச் சத்தத்தில் உச்சத்தைச் சரிபார்க்க முடியாது. அவர் கிட்டாரைக் கீழே வைத்து, சீவீட்டின் குடும்பத்தையே மலையாளத்தில் திட்டிவிட்டு எழுந்து போவார். சங்கு ஊதின மாதிரி, எங்களுக்கு அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

போன வருஷம் காரோட்டுக் கடற்கரையில் ஒரு பள்ளியின் பாட்டுக் குழுவில் வாசிக்கிறவர் எங்களிடம் ஆம்ப் வாங்கினார். கொஞ்ச நாளில் அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டார். நல்ல மனுஷன், முதலில் பாராட்டிவிட்டுத்தான் தயங்கித் தயங்கிக் குறையைச் சொன்னார்.

"சேச்சி, சாதனம் கொள்ளாம். பக்ஷே காது துளைக்குது. பூசையில முன்ன இருக்கிய அம்மச்சிமாரு எல்லாம் பெஞ்சு மாறி இருக்கினும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் கிட்டாரின் கம்பி புதுசு, உங்கள் பள்ளியின் சுவர் சிமெண்ட், உங்கள் அம்மச்சிமாருக்கு வயசாச்சு என்று அடுக்கினேன். என் வீட்டுக்காரரின் காது தேற்றிய ஆம்பைக் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்கு முன்பே திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் இதையே போனில் சொல்லியிருந்தார். அவரிடமும் இப்படித்தான் சண்டை பிடித்திருந்தேன்.

திரும்பி வந்த ஆம்பை என் வீட்டுக்காரர் வாசித்துப் பார்த்தார். "அவன் சொல்லியது நேராக்குமா? எனக்குக் காந்தாரி இன்னும் போராதுன்னுதான் தோணுது" என்றார்.

உச்சத்தைக் கூட்டுவது ஒரு சின்னக் கப்பாசிட்டர். வால்யூம் பொத்தானுக்குக் குறுக்கே உட்கார்ந்து, உயர்ந்த சத்தத்தை மட்டும் முன்னால் கடத்திவிடும். பெரியதாகப் போடப்போட எரிப்பு ஏறும். கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது: இப்போது கூட்டினால், நாங்கள் முதலில் செய்த ஆம்பில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரியதைப் போடுகிறேன். ஒவ்வொரு ஆம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். ரசனை மாறுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ளத்தான் விருப்பமாக இருந்தது.

அன்று பொழுது சாய்ந்தது. சீவீடு தொடங்கியது. நான் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.

"எந்தா எடுத்து வைக்கிய? வெளிச்சம் உண்டே" என்றார்.

தோட்டம் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எனக்கே காது கூசியது. அவர் அமைதியாக என்னைப் பார்த்தார், நான் ஏன் நிறுத்தினேன் என்று உண்மையிலேயே புரியாத முகம். அந்த வருஷம் அவர் சீவீட்டைத் திட்டி நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலைவலி என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மறுபடி உட்கார்ந்தோம். காந்தாரி போராது என்று அதையே சொன்னார். ஆம்பை அணைத்தேன். பெரிய கப்பாசிட்டரைப் போடவில்லை. இருந்த கப்பாசிட்டரின் கம்பிக் காலில் ஒன்றையும் வெட்டி, அது வேலை செய்யாதபடி விட்டேன். கூட்டியாச்சு என்றேன். அவர் வாசித்தார். ஆம்பின் மேல் கம்பளியைப் போர்த்தின மாதிரி சத்தம் மழுங்கிக் கிடந்தது. அவர் வாசிப்பதை நிறுத்தி, திரும்பி, என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பம் செரியாச்சு" என்றார்.

நான் கட்டரைக் கீழே வைத்தேன். "அதை வெட்டி விட்டிருக்கேன். காந்தாரியே இல்ல இப்ப" என்றேன்.

அவர் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எப்பத் தொட்டு இப்படி?" என்று கேட்டேன்.

"கொஞ்ச காலமாச்சு. மேடையில அந்த டிரம்ஸ்காரனுக்க தட்டு எப்பவும் எனக்க காதுப் பக்கத்துலயாக்கும். முதல்ல இரைச்சல் மாதிரி இருந்துச்சு. பின்னே மேல உள்ள சத்தம் ஒண்ணும் இல்ல."

"பின்னே எப்படிச் சொல்லுவீங்க, செரி, செரியில்லன்னு?"

"கூட்டிக் கூட்டி வச்சா கொஞ்சம் கிட்டும். கிட்டாதப்ப ஒனக்க மொகத்தப் பாத்துச் சொல்லுவேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல என்ன என்று கத்தினேன். குழுவுக்குத் தெரிந்தால் நாளைக்கே வேறு ஆளை வைப்பார்கள் என்றார். காது போன கிட்டார்காரனை யார் கூப்பிடுவார்கள்? அது எனக்குப் புரிந்தது. ஆனால் நான் குழு இல்லையே என்றேன்.

"ஒனக்குக் கை உண்டு. எனக்கு இதொண்ணுதான் உண்டு. அதும் போச்சுன்னா ஒனக்கு நான் எதுக்குப் பின்னே?"

சண்டை போட வந்தவள் சண்டையை மறந்து நின்றேன். அவர் மேல் எனக்கிருந்த பிரியத்தை நான் எங்கேயும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு ஆம்பிலும் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெய்யாற்றின்கரையில் டாக்டரைப் பார்த்தோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார். போகப்போக விரல் பொத்தான் மேல் சும்மா காத்திருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மேடைக்குக் காதடைப்பு எழுதிக் கொடுத்தார். காது மிஷினைப் பற்றியும் சொன்னார். அதைப் பிறகு பார்க்கலாம் என்று இவர் எழுந்துவிட்டார்.

அதன் பிறகு காரோட்டுக்காரரின் ஆம்பை நான் கேட்க வேண்டியதாயிற்று. எனக்குப் பாட்டுக் காது கிடையாது என்பது கல்யாணமான நாள் முதல் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விஷயம். அவர் வாசித்தார். நான் இந்தத் தடவை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், ஆம்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கம்பியை விரல் தொட்ட உடனே வருகிற ஓசையைத் தனியாகப் பிடி, பிறகு நீளுகிறதைப் பார், அது கண்ணாடி உடைகிற மாதிரி இருந்தால் கூடுதல் என்று சொல்லித் தந்தார். நான் சொன்னது பாதி நேரம் உளறல். அவர் சிரித்துக்கொண்டு மறுபடி வாசிப்பார். பெரிய கப்பாசிட்டர், சிறியது, அதைவிடச் சிறியது என்று மாற்றிக்கொண்டே வந்து, எங்களுடைய முதல் ஆம்பில் இருந்ததற்குப் பக்கத்தில் வந்து நின்றேன். கம்பியை ஓங்கி மீட்டினால் ஆம்ப் அந்த அழுத்தம் தாங்காமல் மெல்லத் தணிந்து எழும்புகிற இடத்தை மட்டும் அவர் விரலிலேயே கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குக் காது வேண்டாமாம்.

காரோட்டுக்காரர் ஆம்பை எடுக்க வந்தார். சொந்தக் கிட்டாரைக் கொண்டுவந்திருந்தார். செருகுவதற்கு முன் எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"சேட்டன் கேட்டுப் பாத்தாச்சுல்லியா?"

ஆமா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"எனக்கு மேல உள்ள சத்தம் கேக்காது மக்கா. காது போச்சு. இது கேட்டு வச்சது அவளாக்கும்."

வந்தவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செருகி வாசித்தார். மெதுவாக ஒரு பாட்டு, பிறகு கொஞ்சம் ஓங்கி. இனி அம்மச்சிமாரு பெஞ்சு மாறமாட்டினும் என்று சிரித்துவிட்டு, இவருடைய தோளைத் தொட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆட்டோ போன பிறகு நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "அவருகிட்ட எதுக்குச் சொன்னீங்க? ஞாயிற்றுக்கிழமைப் பூசை கழியியதுக்குள்ள கடப்புறம் முழுக்கத் தெரியும். அங்கேருந்து குழுவுக்குப் போக எவ்வளவு நேரம்?"

"தெரியட்டும்" என்றார். "ஒனக்க காதுல கேட்டு வச்சத எனக்க காதுன்னு சொல்லி விக்கச் சொல்லுதியா?"

எனக்கு அழுகைதான் வந்தது. உள்ளே போகாமல் அவர் முன்னாலேயே நின்று அழுதேன்.