அடைப்புக்குறிக்குள் இருந்த மூன்று

கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போன வருஷம், ஏழாம் வகுப்புக் கணக்கு என் தலையில் விழுந்தது. முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. "கொஞ்ச மாசந்தான், புத்தகத்தப் பாத்து நடத்திருங்க" என்றார் தலைமையாசிரியை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் படிக்கிற காலத்திலேயே கணக்கு நோட்டைத் திறந்தால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பத்தாம் வகுப்பில் தட்டுத் தடுமாறித் தேறியவள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பின்னமும் சதவீதமும் எப்படியோ ஓடின. முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, விடைகளைத் துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்வேன். காலையில் பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வருவேன். இயற்கணிதம் வந்ததும் அதுவும் பலிக்கவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சமமான கோவைகள். கரும்பலகையில் 2(x + 3) என்று எழுதி, "அடைப்புக்குறிய எடுத்துட்டா 2x + 3" என்று சொல்லிக் கீழே எழுதினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வயல் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, அதிகம் பேசமாட்டாள்.

"டீச்சர், x-க்கு ஒண்ணு போட்டுப் பாத்தேன். மேல உள்ளதுல எட்டு வருது. கீழ அஞ்சுதான் வருது. ரெண்டும் ஒண்ணா வரமாட்டேங்கு."

அவள் சொன்னதை மனசுக்குள் போட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை. இவளுக்குப் புரிகிறது, எனக்குப் புரியவில்லை, இன்னும் ஒரு நிமிஷத்தில் வகுப்புக்கே தெரிந்துவிடும். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

"ஏட்டி, உக்காரு! புத்தகத்துல உள்ளதத்தான சொல்லுதேன்? நீ என்னயவிடப் படிச்சவளோ?"

புத்தகத்தில் அப்படி இல்லை. அவள் உட்கார்ந்து, தான் போட்டுப் பார்த்ததை ரப்பரால் அழித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் ஒரு தாளில் போட்டேன். ஒன்று போட்டால் எட்டு, ஐந்து. இரண்டு போட்டால் பத்து, ஏழு. நூறு போட்டேன். எதைப் போட்டாலும் கீழே மூன்று குறைந்தது. வெளியே நிற்கிற இரண்டு, உள்ளே இருக்கிற மூன்றையும் பெருக்க வேண்டும். 2x + 6. நாளைக்கு முதல் வேலையாகத் திருத்திவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் நான் பள்ளிக்குள் நுழையும்போதே வட்டாரக் கல்வி அலுவலர் வந்திருந்தார். நேராக ஏழாம் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து என்ன படிச்சீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

"சமமான கோவைகள் சார்!"

அவரே எழுந்து வந்து 4(x + 5) என்று எழுதினார். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவளைத்தான் கூப்பிட்டார். அவள் பலகை முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. அவள் பைய எழுதினாள்: 4x + 5.

"சரியா?" என்றார் அவர்.

"சரி சார்!" என்றது மொத்த வகுப்பும்.

அவளுக்குத் தெரியும் அது தப்பென்று. எனக்குப் பயந்து எழுதியிருக்கிறாள். கணக்கைக் கண்டு நான் பயந்ததைவிட, என்னைக் கண்டு அவள் பயந்தது பெரிதாகப் பட்டது. சும்மா இருந்தால் நான் தப்பிக்கலாம், பிள்ளைக்கு வரவில்லை என்று போய்விடும்.

"சார்," என்றேன். "சார், அது என் தப்பு. நேத்து நாந்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன். இந்தப் பிள்ள அப்பமே சரியாச் சொல்லிச்சு. நான் திட்டி உக்கார வச்சுட்டேன்."

வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"தமிழ் சார்."

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு அவளிடம், "சரியானத எழுதும்மா" என்றார். அவள் மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள். "எழுதுட்டி" என்றேன். 5-ஐ அழித்துவிட்டு 20 என்று எழுதினாள்.

ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். பதில் வரும்வரை தபால்காரர் மணி அடித்தால் போட்ட வேலையைப் போட்டபடி வாசலுக்கு ஓடுவேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக் கணக்கு டீச்சரிடம் உட்கார்ந்து, வரப்போகிற பாடத்தை முதலிலிருந்து படித்தேன்.

ஆனால் அவள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். கூப்பிட்டால் வருவாள், சரியாகப் போடுவாள், போய் உட்காருவாள். உன்னைத் திட்டியது தப்பு என்று தனியாகவும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

சமன்பாடுகள் நடத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், x + 4 = 9 என்று எழுதியிருந்தபோது, எழுந்து நின்றாள்.

"டீச்சர், அன்னைக்குப் போட்ட கோவையில எந்த எண்ணப் போட்டாலும் ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்துச்சு. இதுல அஞ்சு போட்டா மட்டுந்தான் ஒண்ணா வருது. ரெண்டுக்கும் ஒரே சமக்குறிதான போடுதோம்? அது எப்படி?"

சாக்பீஸை மேசையில் வைத்தேன்.

"எனக்குத் தெரியலட்டி. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்லுதேன்."

"சரி டீச்சர்" என்று உட்கார்ந்து, அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாள்.