அந்தக் காரை ஓட்டியது யார்?

சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா. ஸ்டுட்கார்ட்டில், எங்கள் மேல்மாடிக்காரர் சிவா அண்ணை வீட்டில். என் கணவர் ராகவன் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அக்டோபரில் நாங்கள் போய்வந்த ஜப்பான் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். புல்லட் ரயில். கோயில். மலை. அப்புறம் வாடகைக் காரின் கதவில் ஸ்டைலாகக் கை வைத்தபடி ராகவன்... ராகவன்... மறுபடியும் ராகவன்.

சிவா அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"தம்பி, ஜப்பானிலை ஸ்டியரிங் வலப்பக்கமெல்லோ? நீங்கள் எல்லாப் படத்திலையும் இடப்பக்கக் கதவடியிலை நிக்கிறியள். அப்ப கார் ஓடினது ஆர்?"

ராகவன் உடனே ஒரு முழு வடையை வாய்க்குள் தள்ளிக்கொண்டார்.

விடுவேனா நான்? அங்கே சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நான் கோயமுத்தூர்க்காரி. கல்லூரி நாளிலேயே அப்பாவின் காரைக் கோத்தகிரி மலைப்பாதையில் ஓட்டியவள். ஆனால் என் இந்திய லைசென்ஸுக்கு ஜெர்மனியில் ஆயுள் ஆறு மாதம்தான். அதற்குப் பிறகு இங்கேயே தேர்வு எழுத வேண்டும், ஓட்டியும் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் பாஸ். ஓட்டிக் காட்டினேன் – இரண்டு முறை பெயில்!

காரணம்? ஹாரன். வளைவைக் கண்டால் என் கை தானாகப் போய் அடித்துவிடுகிறது. முதல் முறை, முன்னால் சைக்கிளில் போன ஒரு பெரியவர் பதறிப்போய் இறங்கியே விட்டார். இரண்டாம் முறை பின்சீட்டில் இருந்த தேர்வு அதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நம்மூரில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால்தானே திட்டு விழும்?

அதோடு எனக்கு ஸ்டியரிங் என்றாலே உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்தது. மூன்றாவது தேர்வுக்கு டெர்மின், அதாவது நாள் நேரம், வாங்காமலே தள்ளிப்போட்டேன். "உனக்கு எதுக்கும்மா வம்பு? எஸ்-பான் ரயில் இருக்குல்ல, நான் இருக்கேன்ல?" என்பார் ராகவன். பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும்.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது, அப்பா விடாப்பிடியாக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிப்போய் எனக்கு ஓர் இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கொடுத்தார். சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகம். "இதை வெச்சு எந்த நாட்டுல ஓட்டப் போறே?" என்று ராகவன் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஜப்பான் பயணம் முழுக்க அவர் ஏற்பாடு. ஒரு தடித்த ஃபைல், கலர் கலராகப் பிரிப்பான்கள். ஜெர்மன் ஆபீஸில் டெர்மின் எடுத்து வாங்கிய அவருடைய இன்டர்நேஷனல் பெர்மிட்டுக்குத் தனி உறை. ஏனென்றால் பயணத்தின் உச்சம் ஷிராகவா கிராமம். கூம்பிய ஓலைக்கூரை வீடுகள். அந்தப் படம் இரண்டு வருஷமாக எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதில் ஒரு வீட்டில் ஒரே ஓர் இரவு தங்க இடம் கிடைத்திருந்தது.

நகோயாவிலிருந்து தகயாமா வரை ரயில். சொன்ன நிமிடத்தில் கிளம்பி, சொன்ன நிமிடத்தில் சேர்ந்தது. அங்கிருந்து கார். வாடகைக் கார் கடையில் இருந்த பெண் குனிந்து வணங்கினாள். ராகவனின் பெர்மிட்டைப் புரட்டினாள். இன்னும் தாழக் குனிந்தாள்.

விஷயம் இதுதான். ஜெர்மனியின் பெர்மிட் ஓர் ஒப்பந்தப்படி, ஜப்பான் ஏற்பது வேறோர் ஒப்பந்தப்படி. ஜெர்மன் லைசென்ஸ் என்றால் ஜப்பானிய மொழிபெயர்ப்பு கையில் இருக்க வேண்டும். அத்தனை பெரிய ஃபைலில் அந்த ஒரு தாள் மட்டும் இல்லை! அன்றைக்கு பஸ்ஸிலும் இடமில்லை. ராகவன் ஃபைலை மெதுவாக மூடினார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண் எந்தெந்த நாட்டு பெர்மிட் செல்லும் என்ற பட்டியலை எங்கள் பக்கம் திருப்பினாள். பார்த்தேன். ஜெர்மனி இல்லை. இந்தியா... இருக்கிறது!

கைப்பையின் அடியிலிருந்து, அப்பா எடுத்துக்கொடுத்த என் சாம்பல் நிறப் பெர்மிட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் புரட்டினாள். சிரித்தாள். "ஓகே!"

அந்த ஓகேயைக் கேட்டதும் சந்தோஷமா வந்தது? பயம்தான் வந்தது. இரண்டு முறை பெயிலானவள் நான். ராகவன் மெதுவாகக் கேட்டார்: "உன்னால முடியுமா?"

"சாலை இடதுபக்கம். மலைப்பாதை. இது என் ஊருங்க. ஏறுங்க."

முதல் திருப்பத்தில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஆடியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூடக் கிடையாது! இரண்டாம் திருப்பத்தில் சரியாகிவிட்டது. பத்தாவது கிலோமீட்டரில் உள்ளங்கை காய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் மலை சிவந்து கிடந்தது. வளைவுகள் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனைத் தொடாமல் ஓட்டினேன்.

ஒரு குறுகலான வளைவுக்கு முன்னால் நீல வட்டத்தில் ஏதோ ஒரு பலகை. கார் கடையில் கொடுத்த சாலை விதிக் கைப்புத்தகத்தில் ராகவன் அவசரமாகத் தேடினார். தேடியவர் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹாரன்... அடிச்சே ஆகணுமாம்!"

அடித்தேன் பாருங்கள்! மலை திருப்பிச் சொன்னது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். வெளிச்சம் மங்குமுன் ஓலைக்கூரை வீட்டு வாசலில் வண்டி நின்றது. ராகவன் இறங்கிவந்து, என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறை.

"அப்ப இஞ்சை லைசென்ஸ் எப்ப எடுக்கப் போறியள், தங்கச்சி?" என்றார் சிவா அண்ணை, கதை முடிந்ததும்.

"செவ்வாய்க்கிழமை மூணாவது டெர்மின், அண்ணை."

"ஓம், பயப்பிடாமல் போங்கோ. அந்த ஹாரனிலை மட்டும் கை வையாதேங்கோ!"

வைக்கவில்லை. முக்கால் மணி நேரம், எத்தனையோ வளைவு, ஒரு சத்தம் இல்லை. தேர்வு அதிகாரி கை குலுக்கி லைசென்ஸைக் கொடுத்தார். சாயங்காலம் எங்கள் காரை நானே ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் ராகவன்.

"இப்ப ஒரே ஒரு தடவை அடிச்சுக்கோ," என்றார்.

எதிர்வீட்டில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. மூன்றுக்கும் கையசைத்தேன்.